‘ஒரு நிமிடத்தில் வைரஸைக் கண்டுபிடிக்கும் கருவி’ என்று ஷேர் விற்பவர்களிடம் எச்சரிக்கை

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களின் வாட்ஸப், டெலிகிராம் குழுக்களில் மறுபடியும் அந்த மாதிரி ஃபார்வர்டுகள் வர ஆரம்பித்திருக்கின்றன. பறவைக் காய்ச்சலோ குரங்கம்மையோ, எது வந்தாலும் நொடியில் கண்டுபிடிக்கும் கருவியாம். கம்பெனி இன்னும் வெளியே தெரியாததாம். ஷேர் சில சென்ட்தானாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏவின் அனுமதி இந்த வாரமோ அடுத்த வாரமோ வந்துவிடுமாம். 2020இல் வார்த்தைக்கு வார்த்தை இதையே சொல்லி என்னிடமிருந்து எட்டாயிரம் டாலரைக் கறந்தார்கள். என்னோடு சேர்ந்து வாங்கியவர்களில் ஒருவர் வீட்டு முன்பணத்துக்காகச் சேர்த்து வைத்திருந்ததை முழுசாக இழந்தார். அந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்லிப் பயனில்லை, அதற்குப் பிறகு அது பெயரையே மாற்றிக்கொண்டுவிட்டது. எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

2020 ஏப்ரலில் நாங்கள் நியூ ஜெர்சியில் இருந்தோம். பரிசோதனை செய்துகொள்ள இடம் கிடைப்பதே கஷ்டம், கிடைத்தாலும் பிசிஆர் முடிவு வர நாள் கணக்காகும். மார்ச் 27 அன்றுதான் அபாட் நிறுவனத்தின் ஐடி நவ் கருவிக்கு எஃப்டிஏ அவசரகால அனுமதி கொடுத்திருந்தது. பாசிட்டிவ் என்றால் ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும் என்பது எல்லாத் தொலைக்காட்சியிலும் செய்தி. ஆக, வேகமாகச் சோதிக்கும் கருவி என்பது கற்பனை இல்லை. அதைத் தயாரிப்பவருக்குப் பெரிய வியாபாரம் காத்திருந்ததும் நிஜம். ஏமாற்றுகிறவர்களுக்கு அந்த நிஜமே போதுமானதாக இருந்தது.

எங்கள் குழுவை நடத்தியவரை எல்லாரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். நம் ஊர்க்காரர், வருஷக்கணக்காகப் பழக்கம், பொங்கல் விழாவுக்கெல்லாம் முன்னால் நின்று வேலை செய்கிறவர். அவர் போட்ட செய்தி இப்படி இருந்தது: “தம்பிகளா, மூச்சை ஊதினால் ஒரு நிமிடத்தில் ரிசல்ட். ஏர்போர்ட், ஸ்டேடியம் எல்லா வாசலிலும் வைக்கப் போகிறார்கள். இப்போ விட்டால் பிடிக்க முடியாது.” கூடவே ஒரு சுட்டி. அதைத் திறந்தால் பெரிய நிதிச் செய்தித் தளம் ஒன்றின் பக்கத்தில், அந்தக் கம்பெனியின் பங்குக் குறியீட்டுக்குக் கீழே செய்தி இருந்தது. தலைப்பு, தேதி, நிர்வாகியின் பேட்டி போன்ற நாலு வரி எல்லாம் பக்காவாக இருந்தன.

அதை எந்தப் பத்திரிகையாளரும் எழுதவில்லை. கம்பெனியே எழுதி, காசு கட்டி, செய்திக்குறிப்பு விநியோகிக்கும் நிறுவனம் வழியாக வெளியிட்டது. அப்படி வெளியிட்டால் நிதித் தளங்கள் அதைத் தானாக எடுத்து உண்மையான செய்திகளுக்கு நடுவில் போட்டுவிடும். உள்ளே இருக்கும் தகவலை யாரும் சரிபார்ப்பதில்லை. இந்த ஒரு விஷயம் நம் ஆட்களில் பலருக்கு இன்றைக்கும் தெரியாது.

அந்தக் குறிப்பில் இருந்த வாசகங்களைப் பாருங்கள். ‘எஃப்டிஏவில் பதிவு செய்யப்பட்ட நிறுவனம்.’ மருத்துவக் கருவி தயாரிக்கிற யாரும் கட்டணம் கட்டித் தங்கள் இடத்தைப் பதிவு செய்தாக வேண்டும். 2020ஆம் நிதியாண்டில் அந்தக் கட்டணம் 5,236 டாலர். பதிவு செய்ததால் கருவியை எஃப்டிஏ பார்த்தது என்றோ ஒப்புக்கொண்டது என்றோ அர்த்தம் கிடையாது. அடுத்து, ‘அவசரகால அனுமதிக்கான நடைமுறை தொடங்கிவிட்டது.’ அதாவது ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கலாம், அவ்வளவுதான். இன்னொரு ஓட்டையும் அப்போது இருந்தது. 2020 மார்ச் நடுவில் எஃப்டிஏ விதியைத் தளர்த்தி, ஆன்டிபாடி கிட்டுகளை (ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடுபவை) அனுமதிக்குக் காத்திருக்காமல், தகவல் மட்டும் தெரிவித்துவிட்டு விற்கலாம் என்றது. குப்பைக் கிட்டுகள் சந்தையில் குவிந்த பிறகு மே 4 அன்று மறுபடி இறுக்கியது. இடைப்பட்ட அந்த வாரங்களில் ‘எஃப்டிஏவுக்குத் தெரிவிக்கப்பட்டது’ என்கிற வாசகம் ‘எஃப்டிஏ அனுமதித்தது’ என்பதாகக் குழுக்களில் பரவியது. எங்கள் குழுவிலும் அப்படித்தான் பரவியது, ஒருவரும் திருத்தவில்லை.

‘99 சதவீதத் துல்லியம்’ என்றும் போட்டிருந்தார்கள். எத்தனை பேரிடம் சோதித்தார்கள், எந்த மருத்துவமனையில், எதோடு ஒப்பிட்டார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. மூச்சில் கொரோனாவைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றுக்கு எஃப்டிஏ முதன்முதலாக அவசரகால அனுமதி கொடுத்தது 2022 ஏப்ரல் 14 அன்று, இன்ஸ்பெக்ட்ஐஆர் என்ற வேறொரு நிறுவனத்துக்கு. விமானத்தில் கையோடு எடுத்துப் போகிற பெட்டி அளவுள்ள கருவி, மூன்று நிமிடத்துக்குள் முடிவு. பயிற்சி பெற்றவர்தான் இயக்க வேண்டும். 2,409 பேரிடம் சோதித்ததில் நோய் இருந்தவர்களில் 91.2 சதவீதம் பேரைச் சரியாகக் காட்டியது, பாசிட்டிவ் வந்தால் பிசிஆர் எடுத்து உறுதி செய்ய வேண்டும் என்று எஃப்டிஏ சொன்னது. நிஜமான கருவி இவ்வளவு எண்களோடு, இத்தனை நிபந்தனைகளோடு, இரண்டு வருஷம் கழித்துத்தான் வந்தது. எங்களுக்கு விற்கப்பட்டதில் ஒரு புகைப்படத்தைத் தவிர எதுவும் இல்லை. அந்தப் படமும் கணினியில் வரைந்தது என்று பிற்பாடு தெரிந்தது.

நான் சராசரியாக 22 சென்டுக்கு வாங்கினேன். விலை 60 சென்ட் வரை போனது. குழுவில் ஒரே கொண்டாட்டம். விற்றுவிடலாமா என்று கேட்டவர்களுக்கு அண்ணாவின் பதில், “ஏன் அவசரம்? ஐந்து டாலர் போகும், ஹோல்ட் பண்ணுங்க.” யாராவது சந்தேகம் கேட்டால் நெகட்டிவாகப் பேசாதீர்கள் என்று நாலு பேர் பாய்வார்கள். ஒரு பெண், கம்பெனி முகவரியைத் தேடிப் பார்த்தால் தபால் பெட்டி வாடகைக்கு விடுகிற கடைதான் வருகிறது என்று படத்தோடு போட்டார். அன்றைக்கே அவரைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

அப்புறம் ஒரு நாள் காலை, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஸ்இசி அந்தப் பங்கின் வர்த்தகத்தைப் பத்து வணிக நாட்களுக்கு நிறுத்தியது. கம்பெனி சொன்ன தகவல்கள் சரியானவையா என்பதில் சந்தேகம் இருப்பதாக அறிவிப்பில் இருந்தது. பத்து நாள்தானே, பொறுப்போம் என்று குழுவில் ஆறுதல் சொன்னார்கள். இங்கேதான் நிறைய பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பங்குச் சந்தைப் பட்டியலில் இல்லாமல் ஓடிசியில், அதாவது ப்ரோக்கர்களுக்கு இடையே மட்டும் ஓடும் பங்கு அப்படி நிறுத்தப்பட்டால், பத்து நாள் முடிந்ததும் பழையபடி விலை ஓடாது. ப்ரோக்கர்கள் புதிதாகப் படிவம் கொடுத்து ஒப்புதல் வாங்கினால்தான் மறுபடி விலை காட்ட முடியும். இந்த மாதிரிக் கம்பெனிக்காக எந்த ப்ரோக்கரும் அந்த வேலையில் இறங்குவதில்லை. பங்கு ‘கிரே மார்க்கெட்’டுக்குப் போய்விடும். வாங்கும் விலை, விற்கும் விலை எதுவும் திரையில் தெரியாது. விற்க ஆர்டர் போட்டால் அப்படியே கிடக்கும். எப்போதாவதுதான் ஒரு வர்த்தகம் நடக்கும், எங்கள் பங்கில் அது மூன்று சென்டுக்கு நடந்தது.

2021 செப்டம்பர் 28 முதல் எஸ்இசியின் விதி இன்னும் கடுமையானது. கணக்கு வழக்கை ஒழுங்காக வெளியிடாத கம்பெனிகளின் பங்குகள் ‘எக்ஸ்பர்ட் மார்க்கெட்’ என்ற அடுக்குக்குத் தள்ளப்பட்டன. அங்கே நம்மைப் போன்றவர்களால் விலையைக்கூடப் பார்க்க முடியாது. எங்கள் பங்கும் அங்கேதான் போய்ச் சேர்ந்தது.

பணம் எங்கே போனது என்பதைத் தேடித்தான் தெரிந்துகொண்டேன். கம்பெனி முன்பே சிலரிடம் கடன் வாங்கியிருந்தது. அந்தக் கடனைப் பணமாகத் திருப்பாமல், சந்தை விலையில் பாதிக்குப் பங்குகளாக மாற்றிக்கொள்ளலாம் என்பது ஒப்பந்தம். செய்திக்குறிப்பு வந்து விலை ஏற ஏற, கடன் கொடுத்தவர்கள் பாதி விலையில் பங்கு வாங்கி எங்கள் தலையில் விற்றுக்கொண்டிருந்தார்கள். கருவிக்கு ஆராய்ச்சிச் செலவு என்று கணக்கில் கிட்டத்தட்ட எதுவும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே கம்பெனி வேறு பெயரில் சணல் எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தது என்பதும் எஸ்இசியின் எட்கர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிற ஆவணத்திலேயே இருந்தது.

இதைவிட எனக்கு வலித்தது வேறு. அண்ணா பகிர்ந்த முதலீட்டு மடல்களில் ஒன்றை அடி வரை உருட்டிப் பார்த்தேன். மிகச் சின்ன எழுத்தில், சாம்பல் நிறத்தில், இந்தப் பங்கைப் பற்றி எழுதுவதற்காக மூன்றாம் தரப்பிடமிருந்து முப்பதாயிரம் டாலர் பெற்றோம் என்று இருந்தது. காசு வாங்கி விளம்பரம் செய்தால் தொகையோடு சொல்லியே ஆக வேண்டும் என்பது இங்கே சட்டம், அதனால்தான் அந்த வரி. அண்ணாவிடம் நேராகக் கேட்டேன். “நானும்தான் இழந்தேன்” என்றார். எவ்வளவுக்கு வாங்கினீர்கள், எப்போது விற்றீர்கள் என்று கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது. அன்றிலிருந்து என் எண்ணையும் பிளாக் செய்திருக்கிறார்.

இது ஏதோ ஒரு சின்னக் கம்பெனியின் கதை என்று நினைக்காதீர்கள். அந்த ஒரு வருஷத்தில் கொரோனாவைச் சொல்லிப் பிழைத்த முப்பதுக்கும் மேற்பட்ட பங்குகளின் வர்த்தகத்தை எஸ்இசி நிறுத்தியது. கலிஃபோர்னியாவின் அரேயிட் நிறுவனத் தலைவர் மார்க் ஷீனா, ஒரு துளி ரத்தத்தில் ஒவ்வாமையையும் கொரோனாவையும் சோதிப்போம் என்றார். ஒவ்வாமைப் பரிசோதனையிலிருந்து கொரோனாவுக்கு மாறுவது, ஸ்ட்ராபெரி பை செய்கிறவர் ருபார்பையும் சேர்த்துச் செய்வது போலத்தான் என்று விளக்கம் வேறு. 2022இல் குற்றவாளி என்று தீர்ப்பானது, 2023 அக்டோபரில் எட்டு வருஷச் சிறை. டிசிஷன் டயக்னாஸ்டிக்ஸ் நிறுவனத்தின் கீத் பெர்மன், விரலில் குத்தி 15 விநாடியில் கொரோனாவைச் சொல்லும் சோதனை என்று விற்றார். அப்படி ஒரு பொருளே அவர்களிடம் இல்லை. முதலீட்டாளர்கள் பேசும் இணையப் பலகையில் வேறு பெயரில் நுழைந்து தன் கம்பெனியைத் தானே புகழ்ந்தும் எழுதினார். 2023 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நாஸ்டாக்கில் பட்டியலாகியிருந்த எஸ்சிவொர்க்ஸ் 2020 ஏப்ரல் 13 அன்று பல லட்சம் ரேபிட் கிட்டுகளுக்கு ஆர்டர் என்று அறிவித்தது. ஒரே நாளில் பங்கு 425 சதவீதம் ஏறியது. பின்னர் எஸ்இசி வழக்கு, 2022இல் அபராதம். ஆகவே ஓடிசி பங்கைத் தவிர்த்தால் போதும் என்றும் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

இப்போது சுற்றும் ஃபார்வர்டைப் பார்த்து யாராவது வாங்க நினைத்தால், முதலில் எஃப்டிஏ தளத்தில் இருக்கும் அனுமதிப் பட்டியலில் கருவியின் பெயரைத் தேடுங்கள். அனுமதி பெற்ற எதுவும் அங்கே இருக்கும், இல்லையென்றால் அனுமதி இல்லை. பிறகு எட்கரில் கம்பெனியின் கடைசி ஆண்டறிக்கையைத் திறந்து மூன்று இடங்களைப் பாருங்கள்: ஆராய்ச்சிச் செலவு, பங்காக மாறும் கடன், மொத்தப் பங்குகள் எப்படிப் பெருகியிருக்கின்றன என்பது. பெரிய ஆர்டர் கிடைத்தது என்கிறார்களா? அது செய்திக்குறிப்பில் மட்டும் இருக்கிறதா, முக்கிய நிகழ்வுகளைத் தெரிவிக்க எஸ்இசியில் தாக்கல் செய்யும் 8-கே அறிக்கையிலும் இருக்கிறதா என்று பாருங்கள். அறிக்கையே தாக்கல் செய்யாத கம்பெனி என்றால் அதற்கு மேல் படிக்கவே வேண்டாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: எஸ்இசி தளத்தில் புகார் படிவம் இருக்கிறது, தமிழ்க் குழுவில் நடந்ததுதானே என்று விடாமல் ஸ்கிரீன்ஷாட்டுகளோடு அனுப்புங்கள். விற்க முடியாத பங்கை எடுத்துக்கொள்ள உங்கள் ப்ரோக்கரிடம் வழி இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள், சில ப்ரோக்கர்கள் பெயரளவுக்கு ஒரு சென்ட் கொடுத்து எடுத்துக்கொள்வார்கள். அப்படிக் கணக்கை முடித்தால் அது மூலதன நஷ்டம். மற்ற பங்கு லாபத்தில் கழித்தது போக, சம்பள வருமானத்தில் வருஷத்துக்கு 3,000 டாலர் வரை கழிக்கலாம், மீதியை அடுத்த வருஷங்களுக்குக் கொண்டுபோகலாம். வாங்கிய ரசீதுகளையும் குழுவில் வந்த செய்திகளையும் அழித்துவிடாதீர்கள். வழக்கு முடிந்து பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு அறிவித்தால் அவற்றைத்தான் கேட்பார்கள், விண்ணப்பிக்கக் காலக்கெடுவும் இருக்கும்.