ஜென்கின்ஸ், ஆர்கோ சிடி: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

சோழிங்கநல்லூரில் எங்கள் டீம் மைக்ரோசர்வீஸ்களை (ஒரு பெரிய ஆப்பைப் பிரித்துச் செய்த சின்னச் சின்ன சர்வீஸ்கள்) ஜென்கின்ஸ் என்ற ஆட்டோமேஷன் டூலில் பில்டு செய்து, ஆர்கோ சிடி வழியாகக் குபர்நெட்டீஸில் டிப்ளாய் செய்கிறது. குபர்நெட்டீஸ் என்பது சர்வீஸ்களைப் பல மெஷின் சேர்ந்த ஒரு க்ளஸ்டரில் ஓட்டுவது; கிட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து க்ளஸ்டரை அதன்படி மாற்றுவது ஆர்கோ. சில வருடமாக இப்படித்தான். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, பில்டு வேகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், டிப்ளாய் வேலையை ஜென்கின்ஸ் கையிலிருந்து வாங்கிவிடுங்கள்.

முன்பு ஒவ்வொரு சர்வீஸிலும் ஒரு ஜென்கின்ஸ்ஃபைல் (பில்டு படிகளை எழுதி வைக்கும் ஃபைல்), ஒன்றைப் பார்த்து இன்னொன்று காப்பி அடித்தது, க்ளஸ்டர் சாவி முழுக்க ஜென்கின்ஸில், ஸ்டேஜிங்குக்கு (லைவுக்கு முன் சோதிக்கும் இடம்) ஒரு பில்டு, லைவுக்குத் தனியாக இன்னொரு பில்டு, எல்லா இமேஜுக்கும் (பில்டில் கிடைக்கும், ஓட்டத் தயாரான பொதி) 'லேட்டஸ்ட்' என்றே டேக். "அண்ணா, நான் டெஸ்ட் பண்ணின இமேஜ்தானே லைவ்ல போகுது?" என்று டெஸ்டிங்கில் இருந்த பெண் கேட்டால் அடித்துச் சொல்ல ஆள் கிடையாது.

இப்போது ஒரே பில்டு. கமிட் ஹாஷ்தான் (கிட்டில் அந்த மாற்றத்தின் அடையாளக் குறி) டேக், ஸ்டேஜிங்கில் தேறிய அதே இமேஜ் லைவுக்குப் போகிறது. ஜென்கின்ஸின் வேலை, எந்த இமேஜ் ஓட வேண்டும் என்று எழுதி வைத்த கான்ஃபிக் ரெப்போவில் (கிட்டில் இருப்பது) ஒரு வரியை மாற்றுவதோடு சரி, மீதியை ஆர்கோ பார்த்துக்கொள்ளும். ஆட்டோ சிங்க் (கிட் மாறினால் ஆர்கோ தானாகவே டிப்ளாய் செய்வது) போட்டிருந்தால் ஆர்கோ திரையில் ரோல்பேக் செய்ய முடியாது, கிட்டில் ரிவர்ட் கொடுக்க வேண்டும். ராத்திரி நேரத்தில் இது எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் யார் எதைத் திருப்பினார்கள் என்று மறுநாள் தேட வேண்டியதில்லை.

ஒன்றில் கவனம். லோடுக்குத் தகுந்தபடி ஆட்டோஸ்கேலர் பாட் (ஓடும் சர்வீஸின் ஒரு பிரதி) எண்ணிக்கையைக் கூட்ட, செல்ஃப் ஹீல் (கிட்டிலிருந்து விலகியதைத் தானே திருப்புவது) போட்ட ஆர்கோ கிட்டில் இருக்கும் எண்ணுக்கே அதை இறக்க, இரண்டும் மல்லுக்கு நிற்கும். கிட்டில் உள்ள யாம்ல் கான்ஃபிக் ஃபைலில் இருந்து 'ரெப்ளிகாஸ்' (பாட் எண்ணிக்கை) வரியை எடுத்துவிடுங்கள், தீர்ந்தது.

வேகம் என்று பார்த்தால், டாக்கர்ஃபைலில் (இமேஜ் கட்டும் படிகள் உள்ள ஃபைல்) பேக்கேஜ் பட்டியலை மட்டும் முதலில் காப்பி செய்து இன்ஸ்டால் முடித்த பிறகு சோர்ஸ் கோடைக் காப்பி செய்வதுதான் செலவில்லாத வழி. சோர்ஸ் கோடு மாறினாலும் இன்ஸ்டால் லேயர் கேஷிலிருந்தே வரும். பில்டு ஓடும் மெஷினான ஏஜென்ட் ஒவ்வொரு முறையும் புதிதாக முளைத்தால் அந்தக் கேஷ் கூடவே போய்விடும், அதை இமேஜ்கள் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் வைக்க வேண்டும்.

எல்லா சர்வீஸையும் ஒன்றாக எழுப்பி ஓட்டும் டெஸ்டுகளைக் குறைத்து, சர்வீஸ்களுக்கு இடையே கான்ட்ராக்ட் டெஸ்ட் (ஒன்று கேட்பதும் மற்றது தருவதும் ஒத்துப்போகிறதா என்று தனித்தனியே பார்ப்பது) வைத்தது நல்ல முடிவு. அடுத்த டீமின் சர்வீஸ் படுத்துக்கிடந்தால் நம் ரிலீஸ் நிற்பதில்லை.

இன்னும் தீராதது டேட்டாபேஸ். கிட் ரிவர்ட் இமேஜைத் திருப்பும், டேபிளில் அழித்த நெடுவரிசையைத் (column) திருப்பாது. அதனால் புது நெடுவரிசையை ஒரு ரிலீஸில் சேர்த்து, பழையதை எந்த வெர்ஷனும் தொடாத பிறகே வேறொரு ரிலீஸில் எடுக்கிறோம். எங்கள் டீமில் இதை டூலிடம் விடவில்லை, ரிவ்யூவில் உட்கார்ந்து ஆள்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.