சிப்பிப்பாறை நாய்களுக்கு நிற மரபணுச் சோதனை: வேலூரிலிருந்து ஒரு மதிப்புரை

நாயின் கன்னத்து உட்புறத்தில் தேய்த்த பஞ்சுக்குச்சியைக் கூரியரில் பெற்று, ரோமத்தின் நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்களைப் படித்துச் சொல்லும் ஆய்வகச் சேவை ஒன்றை, காட்பாடியில் நான் வளர்க்கும் சிப்பிப்பாறை இணைக்கும் அவற்றின் குட்டிகள் சிலவற்றுக்கும் பயன்படுத்தினேன். இத்தகைய சேவைகள் பலவும் ஏறத்தாழ ஒரே பட்டியலைத்தான் சோதிக்கின்றன என்பதால் ஆய்வகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். குட்டி ஈன வைத்து விற்பவர்களுக்கு இது செலவழிக்கத் தகுந்த சோதனை. வீட்டில் ஒரே ஒரு நாயை அன்போடு வளர்ப்பவர்களுக்குத் தேவையில்லை.

சோதனைக்குக் காரணமாக இருந்தது ஒரே ஒரு குட்டி. தாயும் தகப்பனும் செவலை. அந்த ஈற்றின் குட்டிகளில் ஒன்று மட்டும் கருமேனியும் புருவத்திலும் கன்னத்திலும் கால்களிலும் செம்பழுப்புத் திட்டுகளுமாக, கன்னி எனப்படும் வேட்டை நாயின் அச்சாகப் பிறந்தது. வேலூர்ப் பக்கத்தில் இந்த நாய்களை வாங்குபவர்கள் பெரும்பாலும் தென்மாவட்டங்களிலிருந்து குட்டி கொண்டுவந்து பழகியவர்கள். நிறத்தைப் பார்த்துத்தான் இனத்தை எடைபோடுவார்கள். "வேறு கடுவன் சேர்ந்திருக்கிறது, அண்ணே" என்று சொல்லி, அந்த ஈற்றின் செவலைக் குட்டிகளையும் சேர்த்தே ஒதுக்கினார்கள். பழியில்லாத ஒரு பெட்டையின் மீது விழும் இந்தச் சந்தேகத்துக்கு அறிக்கை தந்த விடை மிகத் தெளிவானது. 24ஆம் குரோமோசோமில் உள்ள அகூட்டி என்னும் மரபணுவின் செவலை வடிவம் ஓங்கு பண்பு; தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் ஒவ்வொன்றாக வரும் இரண்டு பிரதிகளில் ஒன்றில் இருந்தாலே வெளியே தெரியும். கன்னி வடிவம் ஒடுங்கு பண்பு; இரு பிரதியிலும் இருந்தால்தான் தெரியும். என் இணை இரண்டுமே ஒரு பிரதியில் செவலையையும் மறு பிரதியில் கன்னியையும் வைத்திருந்தன. அத்தகைய பெற்றோருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் கன்னியாக அமைய நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. மாறாக, இரண்டு கன்னிகளைச் சேர்த்தால் அகூட்டியின் வழியாகச் செவலை பிறப்பதற்கு இடமே இல்லை. செவலை பிறந்து, அதற்குப் பின்னால் சொல்லும் எம்.சி.1.ஆர். மரபணுவின் பழுதும் காரணமல்ல என்றால்தான் வேறு கடுவனைத் தேட வேண்டும். சந்தேகம் எந்தத் திசையில் நியாயமானது, எந்தத் திசையில் அநியாயமானது என்பதை இவ்வளவு சுருக்கமாக விளக்கக்கூடிய வேறு சான்று என்னிடம் இருந்ததில்லை. சிப்பிப்பாறையும் கன்னியும் ஓரினமா ஈரினமா என்ற பழைய விவாதத்தை இது தீர்க்காது என்றாலும், வெறும் நிறத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிப்பது எவ்வளவு மெல்லிய கோடு என்பதைக் காட்டிவிடுகிறது.

ஆனால் இந்தப் பகுதியிலேயே ஒரு குறையும் உண்டு. செவலை என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே வகையல்ல. அகூட்டி மரபணு எப்போது, உடலின் எப்பகுதியில் இயங்க வேண்டும் என்பதை அதன் முன்னுள்ள இரண்டு தூண்டல் பகுதிகள் முடிவு செய்கின்றன என்றும், அவற்றின் சேர்க்கையால் நாய்களில் ஐந்து வகை மேனியமைப்புகள் உருவாகின்றன என்றும் 2021இல் வெளியான ஆய்வு நிறுவியது. அவற்றுள் தூய செவலைக்கான வடிவம், ஓநாய்களின் வழியிலிருந்து 20 லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்து அழிந்துபோன ஒரு விலங்கினத்திலிருந்து வந்தது என்பது அந்த ஆய்வின் வியப்பூட்டும் முடிவு. நான் பெற்ற அறிக்கையோ பழைய முறையிலேயே நின்று, முதுகில் கருநுனி படர்ந்த கடுவனையும் சந்தனம்போல் ஒரே சீரான பெட்டையையும் ஒரே எழுத்தால் குறித்திருக்கிறது. கண்ணுக்கே தெரியும் வேறுபாட்டை அறிக்கை சொல்லாமல் விடுவது ஏற்கத்தக்கதல்ல.

மற்ற இடங்களில் பட்டியல் நன்றாகவே உள்ளது. மேனி முழுவதும் கருப்பாக வரும் வடிவத்தைத் தாங்கும் மரபணு 16ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அது கிருமிகளை எதிர்க்கும் புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது 2007இல் கண்டறியப்பட்டது. அதன் கருப்பு வடிவம் ஒரு பிரதி இருந்தாலும் அகூட்டி சொல்வது வெளியே தெரியாது. அதேபோல் எம்.சி.1.ஆர். என்னும் மரபணுவின் இரு பிரதிகளும் பழுதுபட்டிருந்தால், ரோமத்தில் கருநிறமி உருவாகவே வழியில்லாமல், கன்னியாக இருக்க வேண்டிய நாயும் செவலையாகவோ வெளிர் நிறமாகவோ தோன்றும். மீசை ரோமமும் முதுகு ரோமத்தின் நுனியும் கருத்திருந்தால் அது இந்த வகைச் செவலையல்ல என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம். கருமையே இல்லாதபோதுதான் சோதனைக்கு வேலை. சலூக்கி, ஆப்கன் ஹவுண்டு ஆகிய வேட்டை நாய்களில் இதே மரபணுவின் இன்னொரு வடிவம், கன்னி மேனியை முகம் வெளுத்த நரைமேனியாக மாற்றுகிறது என்பது 2010இல் தெரியவந்தது. அதையும் அறிக்கை சேர்த்திருக்கலாம்.

நான் கடுமையாக ஆட்சேபிப்பது சாம்பல் நிறத்தைப் பற்றிய பகுதியை. மெலனோபிலின் என்னும் புரதம் நிறமித் துகள்களைச் செல்லின் ஓரத்துக்குக் கொண்டுசெல்கிறது. அது பழுதானால் துகள்கள் திரண்டு நின்று, கருப்பு சாம்பலாக வெளுக்கிறது. இரு பிரதியும் பழுதானால்தான் நிறம் மாறும் என்பதால், பழுதை மறைவாகச் சுமக்கும் நாயைப் பார்வையால் கண்டுபிடிக்க முடியாது. சந்தையில் சாம்பல் குட்டிக்குக் கூடுதல் விலை கேட்கிறார்கள். ஆனால் அந்நிற நாய்கள் சிலவற்றுக்கு வளர வளர ரோமம் உதிர்ந்து தோல் தெரியும் நோய் வருகிறது. ஏற்கெனவே குட்டை ரோமமுள்ள நாய், கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊர் வெயிலில் அந்தத் தோலோடு எப்படி வாழும் என்று நினைத்தால் மனம் பதறுகிறது. ஆகவே இந்தப் பகுதிதான் பட்டியலில் முதன்மையாகத் துல்லியமாக இருக்க வேண்டும். ஆய்வகம் சோதித்ததோ டி1 என்னும் ஒரே பழுதை மட்டும். சௌ சௌ, தாய் ரிட்ஜ்பேக் ஆகியவற்றோடு வட ஆப்பிரிக்க வேட்டை நாயான ஸ்லூகியிலும் டி2 என்னும் இரண்டாவது பழுது 2018இல் கண்டறியப்பட்டது. அதன்பின் மூன்றாவதும் தெரியவந்தது. டி1 இல்லை என்பதை வைத்து "சாம்பல் மரபு இல்லை" என்று அச்சிட்டுக் கொடுப்பது, வாங்குபவரையும் வளர்ப்பவரையும் தவறான நம்பிக்கையில் நிறுத்துவதாகும்.

மாதிரி எடுப்பது எளிது. தீனி வைத்து ஒரு மணி நேரமாவது கழித்து, பால்குடிக் குட்டியானால் தாயிடமிருந்து சற்று விலக்கி வைத்து எடுக்க வேண்டும். இல்லையேல் தாயின் செல்கள் கலந்துவிடும். குச்சியை நிழலில் நன்றாக உலர்த்திக் காகித உறையில் இடுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் மூடினால் வேலூர் வெக்கையில் பூஞ்சை பிடித்துவிடும். அறிக்கை சொன்ன காலத்துக்குள் வந்தது. தொலைபேசியில் கேட்ட ஐயங்களுக்குப் பொறுமையாக விடை சொன்னார்கள். விளக்கக் குறிப்புகள் மட்டும் முழுக்க ஆங்கிலத்தில், லாப்ரடாரை உதாரணமாகக் கொண்டு எழுதப்பட்டிருந்தன.

வெள்ளைத் திட்டு பற்றிய முடிவை அதிகம் நம்ப வேண்டாம். மார்பிலும் கால்விரல்களிலும் உள்ள சிறு வெள்ளை, சோதிக்கப்படும் மரபணு மாற்றம் இல்லாமலும் வரும். என் பெட்டைக்கு அப்படித்தான் இருக்கிறது. வெண்ணிற ராஜபாளையம் வளர்ப்பவர்கள் குட்டியின் காது கேட்கும் திறனை அறியவும் இதை நாட வேண்டாம். அதற்குச் செவிநரம்பின் மின்னலைகளைப் பதியும் தனிப் பரிசோதனை இருக்கிறது.

அறிக்கையைக் காட்டி "தூய இனம்" என்று விளம்பரம் செய்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். இந்த மரபணு வடிவங்கள் உலகின் பல இன நாய்களிலும் தெருநாய்களிலும் பொதுவாக உள்ளவை. வம்சாவளியை இவை சொல்வதில்லை. சோதனைக்கு அனுப்புவோர் முழுப் பட்டியலுக்கும் பணம் கட்டாமல் அகூட்டி, எம்.சி.1.ஆர்., சாம்பல் ஆகிய மூன்றை மட்டும் கேளுங்கள். சாம்பலுக்கு மூன்று பழுதுகளையும் பார்ப்பார்களா என்று பணம் செலுத்தும் முன்பே எழுத்தில் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள்.