சிவப்பு வயர் எங்கேயும் போகவில்லை: 'ஆக்டிவ்' பிக்கப் வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

நேற்று ராத்திரிதான் விஷயம் தெரிந்தது. கோபத்தோடு எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மாதச் சம்பளம் போய்விட்டது. லோ இம்பிடன்ஸ் (சிக்னலுக்கு எதிர்ப்பு குறைந்த) ஆக்டிவ் பிக்கப் என்று சொல்லி, என் பேஸ் கிட்டாருக்குச் சாதாரணக் காயிலைத் தலையில் கட்டிவிட்டார்கள். பிக்கப் என்றால் கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம்.

இசைக்கருவி உதிரிபாகம் விற்கும் ஒரு ஆன்லைன் கடை. பெயர் வேண்டாம்.

என் பழைய பிக்கப்பில் பெரிய குறை எதுவும் இல்லை. மேடையில் பத்து மீட்டர் கேபிள் போட்டால் மட்டும், விரல் கம்பியை விட்டு வரும்போது கேட்கும் அந்த 'டிக்' மங்கிவிடும். காரணமும் தெரியும். பேட்டரி இல்லாத பாசிவ் பிக்கப் என்பது ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய காயில். மல்டிமீட்டரில் 8 கிலோ ஓம் காட்டும், ஆனால் அது பாதி உண்மைதான். காயிலின் இன்டக்டன்ஸ் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் குணம்) 4 ஹென்றி என்றால் 1000 ஹெர்ட்சிலேயே இம்பிடன்ஸ் சுமார் 25 கிலோ ஓம், 4000 ஹெர்ட்சில் 100 கிலோ ஓம். கேபிளோ மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிகோஃபேரட் கெபாசிடன்ஸ் சேர்க்கிறது. மூன்று மீட்டர் கேபிளில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும் ரெசனன்ஸ் மேடு (சத்தம் தூக்கலாகக் கேட்கும் இடம்), பத்து மீட்டரில் 2400 பக்கம் இறங்கிவிடும். அதற்கு மேலே உள்ளதெல்லாம் சரிவுதான். பிக்கப்புக்குள்ளேயே ஒரு சின்ன ப்ரீஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சர்க்யூட்) இருந்து, 9 வோல்ட் பேட்டரியில் ஓடி, லோ இம்பிடன்ஸில் சிக்னலை வெளியே தள்ளினால் கேபிள் நீளம் பெரிதாக உறைக்காது. அதுதான் ஆக்டிவ் பிக்கப், எனக்கு வேண்டியதும் அதுதான்.

சாட்டில் கேட்டேன். பதில் சொன்ன ஆள் முதலில் கேட்டது, "உங்க கேபிள் எத்தனை மீட்டர் சார்?" அங்கேதான் விழுந்தேன். வேறு எந்தக் கடையிலும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. "250 கிலோ ஓம் பாட்டைக் கழட்டிடுங்க, கூடவே 25 கிலோ ஓம் பாட் அனுப்புறோம்" என்றும் சொன்னார். பாட் என்பது வால்யூம், டோன் குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர். ஆக்டிவ் பிக்கப்புக்கு அது சரியான பேச்சுதான். விஷயம் தெரிந்தவர் என்று நம்பி ஒன்றரை மாதச் சம்பளத்தை அந்த ராத்திரியே அனுப்பிவிட்டேன்.

மாட்டி வாசித்தேன். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே யாரோ வாசிப்பதுபோல் இருந்தது. ஸ்லாப் (கட்டை விரலால் கம்பியைத் தட்டுவது) அடித்தால் 'தொம்' மட்டும் வருகிறது.

புகார் சொன்னேன். கம்பி பழசாக இருக்கும் என்றார்கள், புதுசு மாட்டினேன். ஆம்ப் இன்புட்டைப் பாருங்கள் என்றார்கள், என்னுடையது 1 மெகா ஓம், அதில் குறை இல்லை. திருப்பி அனுப்புகிறேன் என்றேன். சால்டர் பண்ணின பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோமாம். சால்டர் பண்ணாமல் எப்படி ஐயா வாசித்துப் பார்ப்பது? கடைசியாக, "பேட்டரி சரியா இருக்கா பாருங்க சார்."

பார்த்தேன். பேட்டரியைக் கழற்றினேன், சத்தம் துளிக்கூட மாறவில்லை. பத்து நிமிடம் பேட்டரியே இல்லாமல் வாசித்தேன். அப்புறம் பிக்கப்பின் அடியில் ஊற்றியிருந்த கறுப்பு எபாக்சிப் பசையை பிளேடால் சுரண்டினேன். பேட்டரியிலிருந்து வரும் சிவப்பு வயர் விரல்நகம் அளவு உள்ளே போய், பசையிலேயே முடிகிறது. ப்ரீஆம்ப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. மீட்டர் வைத்தால் 8.1 கிலோ ஓம்.

டோன் ஏன் செத்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. வெறும் பாசிவ் காயிலின் தலையில் 25 கிலோ ஓம் பாட்டை ஏற்றியிருக்கிறேன். 1000 ஹெர்ட்ஸ் தாண்டும்போதே காயிலின் இம்பிடன்ஸ் பாட்டின் மதிப்பை எட்டிவிடுகிறது, ட்ரெபிள் காயிலுக்குள்ளேயே நின்றுவிடுகிறது, ரெசனன்ஸ் மேடு தரைமட்டம். நல்ல காயிலாகவே இருந்தாலும் இப்படித்தான் கேட்கும்.

போட்டோ எடுத்து அனுப்பினேன். "உங்கள் புகார் முடிக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு மதிப்பெண் தாருங்கள்" என்று வந்தது. ஒன்றரை மாதச் சம்பளம், அதற்கு மதிப்பெண் வேறு!

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். சால்டர் வைக்கும் முன் க்ரோக்கடைல் கிளிப்பில் ஜாக்கோடு இணைத்து, பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். ஆக்டிவ் என்றால் சில நொடியில் சத்தம் அடங்கிவிட வேண்டும். பழைய 250 பாட்டை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், நான் கொடுத்துவிட்டேன்.

கழற்றிய பேட்டரியை அளந்தேன். மூன்று வாரம் கழித்தும் 9.4 வோல்ட். அதுவாவது மிச்சம்.