ஃபாஸ்ட், ஸ்லோ, மெட்ரோ, டிராம்: மும்பையில் எது சீக்கிரம் கொண்டுபோய் விடும்?

டோம்பிவிலியில் வீடு, வி.டி. (விக்டோரியா டெர்மினஸ், இப்போதைய சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷன்) பக்கம் ஆபீஸ். பல வருஷமா லோக்கலில் (புறநகர் ரயிலில்) போய்வந்ததில் எனக்கு உறுதியான விஷயம்: வண்டி எத்தனை இடத்தில் நிற்கிறது, நாம் எத்தனை படி ஏறி இறங்குகிறோம், இந்த இரண்டையும் பார்த்தால்தான் நிஜமான வேகம் தெரியும்.

வி.டி. வரை 48 கிலோமீட்டர். ஸ்லோ ஒரு ஸ்டேஷனையும் விடாது. ஃபாஸ்ட் தாணே தாண்டினால் பெரும்பாலும் காட்கோபர், குர்லா, தாதர், பைகுல்லாவோடு சரி. கடைசி வரை போகிறவர்களுக்குக் கால் மணி நேரமாவது மிச்சம். 2022 பிப்ரவரியில் தாணே–திவா இடையே கூடுதலாகப் போட்ட 5, 6வது தண்டவாளப் பாதைகள் திறந்த பிறகு, வெளியூர் ரயிலுக்காக நடுவழியில் காத்துக் கிடப்பதும் என் அனுபவத்தில் குறைந்திருக்கிறது.

மாட்டுங்கா போகணும் என்றால் கதையே வேறு. அங்கே ஃபாஸ்ட் நிற்காது. குர்லாவில் இறங்கி, படியேறி, பிரிட்ஜில் கூட்டத்தோடு அங்குலம் அங்குலமாக நகர்ந்து, ஸ்லோ பிளாட்பாரத்துக்கு இறங்குவதற்குள் கண்ணெதிரே ஒரு வண்டி கிளம்பிவிடும். மிச்சம் பிடித்த நிமிஷமெல்லாம் அங்கேயே போச்சு. அதனால் டோம்பிவிலியிலேயே புறப்படும் ஸ்லோவில் சீட் பிடித்து உட்கார்ந்துவிடுவேன். அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போகும் நாளில் வேறு யோசனையே கிடையாது.

மெட்ரோ பறக்கிறது என்பார்கள். 2014 ஜூனில் தொடங்கிய வர்சோவா–காட்கோபர் பாதை 11.4 கிலோமீட்டர், 12 ஸ்டேஷன், சுமார் 21 நிமிஷம். மணிக்கு 33 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் கீழேதான். சராசரியில் நம்ம ஸ்லோ லோக்கல் அதற்குச் சளைத்ததில்லை. மெட்ரோ கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிற்கிறது. ஸ்லோவுக்கு இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன். ஆனாலும் காட்கோபரிலிருந்து அந்தேரிக்கு மெட்ரோவை அடிக்க ஆளில்லை. லோக்கல் என்றால் தெற்கே தாதர் வரை போய், அந்தேரி இருக்கும் வெஸ்டர்ன் லைனுக்கு மாறி, மறுபடி வடக்கே வரணும். பஸ்ஸில் போனால் சாக்கி நாகா நெரிசல். நேர்க்குறுக்காகப் பாதை போட்டதுதான் அதன் பலம்.

டிராம்? 1874இல் குதிரை இழுத்தது, 1907இல் மின்சாரத்துக்கு மாறியது, 1964 மார்ச் 31 அன்று போரிபந்தரிலிருந்து (வி.டி. பக்கம்) தாதருக்குக் கடைசி ஓட்டம். கார், பஸ்ஸோடு ஒரே ரோட்டில், அடிக்கொரு நிறுத்தம் என்று ஓடிய வண்டி ரயிலோடு போட்டி போட முடியாது. ஆனால் தாதரிலிருந்து பரேல் மாதிரி ஒரு ஸ்டேஷன் தூரத்துக்கு நான் டிராம் கட்சி. ரயில் ஓடுவது மூணு நாலு நிமிஷம். இரண்டு பக்கமும் படி ஏறி இறங்க அதைவிட அதிகமாகிறது, முட்டிவலிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். தனித் தடம் போட்டு டிராம் விட்டால் இந்தச் சின்னத் தூரங்களில் அதுதான் முந்தும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் மேலே சொன்ன லோக்கல் கணக்கை நம்பிக் கிளம்பாதீர்கள். மெகா பிளாக் (பராமரிப்புக்காகச் சில பாதைகளைச் சில மணி நேரம் மூடுவது) என்றால் ஃபாஸ்ட் வண்டியையே ஸ்லோ பாதையில் திருப்பி விடுவார்கள். சனிக்கிழமையே அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.