பயோசார் விலை இறங்கியிருக்கிறது, லம்ப மண்ணுக்கு வாங்கலாமா?

பயோசார் என்றால் காற்றைக் குறைத்துச் சுட்ட கரி. செம்பனையில் பழம் உதிர்த்த வெற்றுக்குலையில் செய்த பயோசார் சாக்கின் விலை இறங்கியதும், கோலாலம்பூர் பக்கத்துப் பூச்சோங் நண்பர் ஒருவர் கேட்டார்: "வீட்டுக்குப் பின்னால் பழைய லம்ப நிலம், ஈயம் தோண்டிய இடம். கீரைப் பாத்திக்கு நாலு சாக்கு இறக்கட்டுமாண்ணே? கன உலோகத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும் என்று சாக்கிலேயே போட்டிருக்கிறதே!"

அந்த வரிதான் நான்கு வருடமாகத் தீராத எரிச்சல். கரியின் மேல் குறையில்லை. எல்லா உலோகத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிச் சொல்லும் அந்த வரியின் மேல்தான் கோபம்.

நம் ஊர்ப் பேச்சில் ஈயம் என்றால் லம்பத்தில் எடுத்த வெள்ளீயம். அதன் தாது நீரில் கரையாது. கீரைக்குள் ஏறிவிடுமோ என்று பயப்படத் தேவையில்லை. கவலைப்பட வேண்டியவை காரீயம், கேட்மியம், ஆர்சனிக் மூன்றும். முதல் இரண்டும் மண்ணீரில் நேர்மின் அயனிகளாக நிற்கும். கரியின் மேற்பரப்பில் இருக்கும் எதிர்மின் இடங்கள் அவற்றை இழுத்துக்கொள்ளும். கரியோடு வரும் சாம்பல் மண்ணின் புளிப்பைக் குறைப்பதால் அவை கார்பனேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் படிந்து இறுகும். ஆர்சனிக்கின் கதையே வேறு. அது பெரும்பாலும் ஆர்சனேட் என்ற எதிர்மின் அயனியாக, இரும்பு ஆக்சைடில் ஒட்டிக்கொண்டிருக்கும். மண்ணின் பி.எச். (புளிப்பு குறையக் குறைய ஏறும் எண்) ஏற ஏற அந்தப் பிடி தளரும். கரியில் கரையும் பாஸ்பேட் இருந்தால் அதுவும் ஆர்சனிக்கைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். காரீயத்தைக் கட்டிப்போடும் அதே குணம் ஆர்சனிக்கை அவிழ்த்துவிடுகிறது.

இந்த ஊரில் இதைச் சொல்லாமல் சாக்கு விற்பது பெரிய தவறு. 1857இல் அம்பாங்கில் ஈயம் தேடிப் போனவர்களால் உருவான ஊர் கோலாலம்பூர். சுங்கை பெசியும் சன்வேயும் தோண்டப்பட்ட நிலங்கள். ஈயத் தாதுவோடு ஆர்சனிக் உள்ள ஆர்சனோபைரைட்டும் சேர்ந்தே கிடைப்பதுண்டு. கழுவி ஒதுக்கிய மணலிலும் சேற்றிலும் அது மிஞ்சியிருக்கலாம். பல இடங்களில் அந்த ஒதுக்கலின் மேல்தான் தாமான்கள், அதாவது வீடமைப்புப் பகுதிகள், நிற்கின்றன.

ஆகவே சாக்குக்கு முன்னால் சோதனை. பாத்தியில் பத்துப் பதினைந்து இடங்களில், மேலிருந்து 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் கலந்து அரை கிலோ அனுப்ப வேண்டும். மொத்த அளவு மட்டும் கேட்டால் பாதிப் பதில்தான் வரும். கால்சியம் குளோரைடு கரைசலில் கரைந்து வரும் அளவையும் கேட்க வேண்டும், ஏனென்றால் கரி மாற்றுவது அதை மட்டும்தான். கரி போட்ட பிறகு மொத்த அளவு குறையவில்லை என்று சிலர் ஆய்வகத்தோடு சண்டைக்குப் போகிறார்கள். அது குறையாது. உலோகம் மண்ணிலேயே இருக்கிறது, வேருக்கும் மழைநீருக்கும் எட்டாமல் இருக்கிறது, அவ்வளவுதான். அதனால் சின்னப் பிள்ளைகள் அந்த மண்ணில் விளையாடி விரலை வாயில் வைக்கும் ஆபத்து கரியால் தீர்ந்துவிடாது.

அளவு எளிது. ஒரு சதுர மீட்டர், 15 செ.மீ. ஆழம் என்றால் ஏறக்குறைய 195 கிலோ மண். 3% கரி என்றால் 6 கிலோ. 1.2 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளமுள்ள பாத்திக்கு 42 கிலோ. இது உலர்ந்த எடை, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தூசி பறக்காமலிருக்கக் கரியை நனைத்துத்தான் கட்டுகிறார்கள். அது சரியான வேலையும்கூட. ஆனால் நாம் காசு கொடுப்பது தண்ணீருக்கும் சேர்த்து. 100 கிராம் எடுத்து 105 டிகிரி அடுப்பில் எடை நிலைக்கும்வரை வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும்.

வெற்றுக்குலைக் கரியில் பொட்டாசியம் உப்பு அதிகம். வாளியில் ஊறவைத்து இரண்டு தடவை அலசி வடிக்காவிட்டால் முளைக்கீரை நாற்று ஓரம் கருகும். கட்டிகளை ஈரமாக இருக்கும்போதே உடைத்து 2 மி.மீ. சல்லடையில் சலிக்க வேண்டும். முகக்கவசம் கட்டாயம். கரித்தூளை மட்டும் நினைத்துச் சொல்லவில்லை. பாத்தியைக் கொத்தும்போது பறக்கும் மண்தூசியில்தான் காரீயமே இருக்கிறது. கரியை இரண்டாகப் பிரித்து, முதல் பாதியை நீளவாக்கிலும் மறுபாதியைக் குறுக்காகவும் தூவிக் கொத்தினால் சமமாகக் கலக்கும். மேலே தூவி விட்டுவிட்டால் மாலை மழை அத்தனையையும் கால்வாய்க்குக் கொண்டுபோய்விடும். மூன்று நான்கு வாரம் ஈரம் காயாமல் வைத்த பிறகே விதை.

நர்சரிகளில் கிடைக்கும் சேகாம் பாக்கார், அதாவது நெல் உமிக்கரி, மலிவு. கறுப்பாக இருந்தால் வாங்கலாம். சாம்பல் நிறம் என்றால் கரி எரிந்து சாம்பலாகிவிட்டது. உமிக்கரி சிலிக்கா நிறைந்தது, காரம் குறைவு, மிகவும் லேசானது. 42 கிலோவுக்கு எத்தனை மூட்டை சுமக்க வேண்டும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பழைய மரப்பலகையில் வீட்டிலேயே கரி சுடுவதை மட்டும் கைவிட்டுவிடுங்கள். கறையான் மருந்தேற்றிய மரத்தில் குரோமியம், செம்பு, ஆர்சனிக் மூன்றும் இருக்கலாம். சுட்டாலும் அவை போகாது, கரியிலும் சாம்பலிலும் தங்கும்.

இத்தனை திட்டியும் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று உண்டு. லம்ப மணலில் ஊற்றிய தண்ணீர் நிற்காது, காலையில் விட்டால் மதியம் செடி தலை சாயும். கரி கலந்த பாத்தியில் அந்தச் சாய்வு நின்றுவிடுகிறது. உலோகத்துக்காகப் போட்ட கரி மணலை மண்ணாக்கியது, எதிர்பார்க்காத சந்தோஷம். சாலையோரப் பாத்திகளில் காரீயத்துக்கும் கேட்மியத்துக்கும் இது எளிய வழிகளில் ஒன்று.

ஆனால் அது நிலைக்க வேண்டும். கோலாலம்பூரில் வருடத்துக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை. கரியோடு வந்த காரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். அமோனியம் சல்பேட் உரம் போட்டால் இன்னும் சீக்கிரம் புளிக்கும். கரி அப்படியே கறுப்பாகக் கண்ணுக்குத் தெரியும், பி.எச். மட்டும் இறங்கியிருக்கும், கேட்மியம் மறுபடி கீரைக்கு ஏறும். கீரைதான் அதை மிக எளிதாக உறிஞ்சும் பயிர். இலைக்கீரைக்கு கோடெக்ஸ் என்ற அனைத்துலக உணவுத் தர அமைப்பு வைத்த வரம்பு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் கேட்மியம்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பி.எச். பார்த்து, 6க்குக் கீழே போனால் சுண்ணாம்புக்கல் தூள் தூவ வேண்டும். ஆர்சனிக்கும் இருக்கும் நிலத்தில் 6.5ஐத் தாண்டவும் விடக்கூடாது. இந்தக் குறுகிய வரப்பில்தான் காலமெல்லாம் நடக்க வேண்டும்.

ஆர்சனிக் இருந்தால் கரியோடு இரும்பும் வேண்டும். சுத்தமான இரும்புத்தூள் 1% கலந்தால் அது துருப்பிடித்து ஆர்சனேட்டைப் பிடிக்கும். பட்டறையில் கடைசல் சீவல் இலவசமாகக் கிடைக்கிறதே என்று அள்ளி வராதீர்கள், அதில் எண்ணெய் இருக்கும். எலும்புத்தூள் காரீயத்துக்கு மருந்து. அதன் பாஸ்பேட் ஆர்சனிக்கை அவிழ்க்கும், ஆகவே இங்கே வேண்டாம். தண்ணீர் தேங்கும் கங்கோங் கீரைப் பாத்தியில் இரும்பும் கைவிடும். காற்றில்லாத சேற்றில் துரு கரைந்து, பிடித்த ஆர்சனிக்கை மொத்தமாக விட்டுவிடும்.

இவ்வளவு பாராட்டிவிட்டுச் சொல்கிறேன்: பூச்சோங் நண்பரே, நாலு சாக்கும் வேண்டாம். அந்தப் பணத்தை மண் சோதனைக்குக் கொடுங்கள். ஆர்சனிக் கணிசமாக இருக்கிறது என்று வந்தால், அடியில் நெய்யாத் துணி விரித்து, 40 செ.மீ. உயரத்துக்குப் பலகை கட்டி, வெளியிலிருந்து நல்ல செம்மண் கொட்டி அதில் கீரை போடுங்கள். கொட்டுவதற்கு முன் அந்தச் செம்மண்ணிலும் அரை கிலோ எடுத்து அதே ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.