நெஞ்செரிச்சலுக்கு ஆப்பச் சோடாவா, கட்டிலுக்கு அடியில் செங்கல்லா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட வீடுகளில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, எழ வேண்டியவர், இரவு ஒன்பதுக்குச் சாப்பிட்டு ஒன்பதரைக்கே படுத்துவிடுவார். எரிச்சல் தொடங்குவது அங்கேதான். இரைப்பையின் மேல்வாயை மூடும் தசை வளையம் தளர்ந்தவருக்கு, நிற்கும்போது கீழே கிடக்கும் அமிலம் படுத்ததும் தொண்டைவரை எதுக்களித்து வரும்.

ஆப்பச் சோடா சட்டென்று கேட்கும். அரைத் தேக்கரண்டியை அரை கிளாஸ் தண்ணீரில், அதாவது 120 மில்லியில், அடியில் தூள் தங்காமல் கரைத்து மெதுவாகக் குடிக்க வேண்டும். சில நிமிடங்களில் ஏப்பம் வந்து எரிச்சல் தணியும். ஆனால் அந்த அரைத் தேக்கரண்டியில் 600 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. ரத்தக் கொதிப்பு, இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தொடவே வேண்டாம். வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு குடித்தால் உள்ளே கிளம்பும் வாயு ஆபத்தாகலாம்.

பால் குடிக்கும்போது இதம். பிறகு அதுவே அமிலத்தைச் சுரக்க வைக்கும். புதினா தசை வளையத்தை இன்னும் தளர்த்தும். சீரகத் தண்ணீர் உப்புசத்துக்கு நல்லது, நெஞ்செரிச்சலை நிறுத்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது.

இவையெல்லாம் ஏறி வந்த அமிலத்தை ஆற்றுபவை. தூங்கும் நேரத்தில் அது ஏறாமல் பார்த்துக்கொள்வது தலைமாட்டை உயர்த்துவதுதான். என் ஓட்டு அதற்கே. 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். ஒரு செங்கல் 6.5 சென்டிமீட்டர், இரண்டை அடுக்கி மேலே ஓர் அங்குலப் பலகை வைத்தால் 15.5 வந்துவிடும். தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கு மட்டும் வைத்தால் போதும். பலகையில் கால் உட்காரும் இடத்தைச் சுற்றிச் சிறு சட்டம் அடியுங்கள். இல்லாவிட்டால் புரண்டு படுக்கும்போது கட்டில் கால் நழுவும். கால்மாட்டைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் கட்டில் நகராது. மெத்தை வழுக்கினால் அடியில் ரப்பர் பாய் விரிக்கலாம்.

பலர் இதற்குப் பதிலாக மூன்று தலையணை அடுக்குகிறார்கள். அது கழுத்தை மடக்கி, இடுப்பை வளைத்து, வயிற்றை அமுக்கி அமிலத்தை மேலே தள்ளும். தோத்தோவில், அதாவது தரையில் விரிக்கும் மெல்லிய மெத்தையில், படுப்பவர்கள் இடுப்பிலிருந்து தலைவரை ஒரே சரிவாக இருக்கும்படி அடியில் பலகையைச் சாய்த்து வைக்க வேண்டும்.

செங்கல்லை ஒருமுறை வைத்தால் போதும், சோடாவையோ எரியும் ஒவ்வோர் இரவும் கரைக்க வேண்டியிருக்கும். இதோடு இடப்பக்கம் சாய்ந்து படுப்பதும், ஒன்பதரைக்குப் படுப்பவர் ஆறரைக்கே சாப்பிட்டு முடிப்பதும் சேர்ந்தால் பாதிக் கவலை தீரும்.

விழுங்கும்போது சிக்கினால், மலம் கறுத்தால், எடை தானாகக் குறைந்தால் அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். நெஞ்சு இறுகி, வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தால் சோடா கரைத்துக்கொண்டிருக்காமல் உடனே 999ஐ அழையுங்கள்.