மஞ்சளா, பச்சையா? ஒரு டெஸ்ட் கிட்டோடு மூன்று வருடம்

போன வாரம் சித்தி மகன் போன் செய்தான். இரண்டடி மீன்தொட்டி வாங்கியிருக்கிறானாம், சைக்கிளிங் (மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்ப்பது) ஆரம்பிக்கப் போகிறானாம். "அண்ணா, நீங்க வெச்சிருக்கீங்களே, தண்ணியைச் சோதிக்கச் சொட்டு சொட்டா மருந்து விடுற கிட், அது வாங்கலாமா?" என்றான். கேட்ட நேரம் சரியில்லை. பழைய கிட் காலாவதியாகி, அதே கிட்டை மூவாயிரத்துச் சொச்சம் கொடுத்து இரண்டாவது முறை வாங்கி, முதல் டியூபை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்து முறைத்துக்கொண்டிருந்தேன். "வாங்காதே" என்று வைத்துவிட்டேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. அந்தக் காரணம் இது.

மருந்து விட்ட நீரின் நிறத்தைக் கிட்டோடு வரும் கலர் கார்டோடு ஒப்பிடவேண்டும். அம்மோனியா கார்டில் முதல் கட்டம் பூஜ்யம். மஞ்சள். அடுத்த கட்டம் 0.25 பிபிஎம், அதாவது லிட்டருக்குக் கால் மில்லிகிராம். அதுவும் மஞ்சள்தான், யாரோ ஒரு சொட்டுப் பச்சையைக் கலந்துவிட்ட மஞ்சள். 2, 4 என்று போனால் குழந்தைகூடச் சொல்லிவிடும். எனக்கு வேண்டியது பூஜ்யத்துக்கும் கால் பிபிஎம்முக்கும் நடுவே உள்ள வித்தியாசம். அதில்தான் இந்தக் கிட் மூன்று வருடமாக என்னை அலைக்கழிக்கிறது. டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால் 0.25. வராண்டாவில் பூஜ்யம். மொட்டை மாடியில் கண் கூசி ஒன்றும் தெரியாது.

கால் பிபிஎம்முக்கா இந்த ஆர்ப்பாட்டம் என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் போர் தண்ணீர், பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) 8. சென்னை வெயிலில் தொட்டி சர்வசாதாரணமாக 30 டிகிரிக்குப் போகும். இந்த நிலையில் மொத்த அம்மோனியாவில் ஏழெட்டு சதவீதம் மீனின் செவுளை அரிக்கும் விஷ வடிவத்தில் இருக்கும். பி.எச். 7 என்றால் அது ஒரு சதவீதம்கூட வராது. அதாவது ஏசி அறையில் பி.எச். 7 உள்ள மென்நீர்த் தொட்டி வைத்திருப்பவருக்கு 0.25 பெரிய விஷயமில்லை. என் தொட்டியில் அது லிட்டருக்கு 0.02 மில்லிகிராம் விஷ அம்மோனியா. மீன் வளர்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் எல்லைக்கோடே அதுதான். அந்தக் கோட்டின் மேல்தான் கார்டு குழப்புகிறது.

கிட் இல்லாத காலத்தையும் பார்த்தாகிவிட்டது. "ஒரு நாள் மோட்டாரை ஓடவிட்டு மீனை விடுங்க சார்" என்று கடையில் சொன்னதை நம்பி ஆறு பிளாக் மோலி விட்டேன். ஐந்தாம் நாள் ஒன்று மிச்சம். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது என்பதை அன்றுதான் படித்தேன்.

அடுத்த முறை மீனே இல்லாமல் சைக்கிளிங். வழி நாட்டு மருந்துக் கடையில் இருந்தது: நவச்சாரம். ஈயம் பூசுகிறவர்கள் வாங்குவார்களே, அதுதான் அம்மோனியம் குளோரைடு. சுத்தம் பற்றிக் கேட்காதீர்கள், மீன் இல்லாத தொட்டி என்ற தைரியம். பத்து கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தேன். ஐம்பது லிட்டர் தொட்டிக்கு அதில் 32 மில்லி விட்டால் கணக்குப்படி 2 பிபிஎம். கிட்டிலும் 2 காட்டியது. அன்றைக்கு இந்தக் கிட்டைக் கும்பிட்டிருப்பேன்.

பாக்டீரியா அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாக்கும், பிறகு விஷம் குறைந்த நைட்ரேட்டாக்கும். ஒன்பதாம் நாள் நைட்ரைட் டியூபில் வெளிர் நீலத்தில் ஊதா எட்டிப் பார்த்தது. பதினைந்தில் அம்மோனியா விழுந்தது, நைட்ரைட் கார்டைத் தாண்டிப் போனது. கார்டு 5 வரைதான். ஒரு பங்கு தொட்டி நீரில் ஒன்பது பங்கு கேன் தண்ணீர் கலந்து பார்த்துப் பத்தால் பெருக்கிக்கொண்டேன். முப்பத்தோராம் நாள் மறுபடி விட்ட 2 பிபிஎம் அம்மோனியா மறுநாளே காணாமல் போனது, நைட்ரைட்டும் இல்லை. போர் தண்ணீரைத் திட்டாத நாளில்லை, ஆனால் அதிலிருக்கும் கார்பனேட்தான் அந்த ஒரு மாதமும் பி.எச். சரியாமல் பிடித்து வைத்தது.

காணாமல் போனது என்றேனே, அதை உறுதி செய்தது கிட் இல்லை. அம்மா. ஜவுளிக்கடையில் ஒரே சாயத்தில் பதினாறு புடவையை விரிக்கவைத்து அரை நிற வித்தியாசத்துக்கு மூன்றைத் தள்ளி வைக்கிறவர். டியூபைக் காட்டினேன். "இது எலுமிச்சைடா. அந்தக் கட்டத்துல கிளிப்பச்சை ஆரம்பிக்குது" என்றார். அதோடு விடாமல், "நல்ல தண்ணியில இதே மருந்தை விட்டுப் பக்கத்துல வை, அட்டையோட ஏன் ஒப்பிடுற?" என்றார். கேன் தண்ணீரில் முதல் பாட்டிலில் எட்டுச் சொட்டு, இரண்டாவதில் எட்டுச் சொட்டு, ஐந்து நிமிடம். இரண்டு டியூபும் ஒரே மஞ்சள். கார்டு அச்சடித்தவர்களுக்கு வராத யோசனை.

நைட்ரேட்டில் வேறொரு வினை. இரண்டாவது பாட்டிலின் அடியில் மருந்து படிந்துவிடும். அரை நிமிடம் பாட்டிலை, ஒரு நிமிடம் டியூபைக் கை வலிக்கக் குலுக்கவேண்டும். தாளில் எழுதியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். நான் படிக்காமல் பல மாதம் 5 என்றே எழுதி வந்தேன், உண்மை 40க்கு மேல். மூடிகளைப் பற்றிப் பேசவே வேண்டாம், அழுத்தித் திருகித் திருகிக் கட்டைவிரல் தழும்பேறிவிட்டது.

ஆனாலும் மூன்று வருடத்தில் கிட் பார்த்து மீன் சேர்த்த தொட்டியில் அம்மோனியாவால் ஒரு மீனும் போகவில்லை. ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீரில் கழுவி, குளோரினில் பாதி பாக்டீரியாவைக் கொன்ற அன்றுகூட, சாயங்காலமே பச்சை காட்டி எச்சரித்தது. எச்சரிக்கும் வேலைக்கு நல்ல மதிப்பெண் போடலாம். என் பதில் இன்னும் வாங்காதே என்பதுதான். பூஜ்யத்தைப் பூஜ்யம் என்று சொல்லத் தெரியாத ஒன்றுக்கு மூவாயிரம் அதிகம்.

தம்பி சொன்ன பேச்சுக் கேட்டு, தண்ணீரில் நனைத்துப் பார்க்கும் விலை குறைந்த ஸ்ட்ரிப் டப்பா வாங்கினான். அவன் வாங்கியதில் அம்மோனியாவுக்குக் கட்டமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரோடு வந்து நின்றான். என்னிடம்கூட அல்ல, நேராகச் சமையலறைக்குப் போனான். "பெரியம்மா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, நான் என் கிட்டில் சோதித்து நீட்டிய டியூபை வாங்கினார். "கிளிப்பச்சையேதான். இன்னும் பத்து நாள் மீன் விடாதே."